ஓட்டை விழாத இலை

நூலகத்தின் பின்பக்கம், பழைய செய்தித்தாள்களைக் கட்டிப் போடும் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு மூலை இருந்தது. அதற்குச் ‘செடி அலமாரி’ என்று பெயர். யாரும் யோசித்து வைத்த பெயரில்லை. அங்கே ஓர் அலமாரி இருந்தது, அதில் செடி சம்பந்தப்பட்டதெல்லாம் இருந்தது, அவ்வளவுதான். மேல்தட்டில் புத்தகங்கள். அடுத்த தட்டில், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடிகளின் விதைகள் சின்னச் சின்னக் காகித உறைகளில். அடித்தட்டில் இரவல் கொடுக்கும் மண்கொத்து, களைவெட்டி, கத்தரிக்கோல். சுவரில் எந்தப் பறவைக்கு எந்த மரம், எந்த வண்ணத்துப்பூச்சிக்கு எந்தக் கொடி என்று காட்டும் பெரிய படம் ஒன்று, ஒரு முனை பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மூலையை ஆண்டவளை ஊர் ‘புழு டீச்சர்’ என்று கூப்பிட்டது. அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம்தான். ஆனால் வாசலில் வைக்க அழகாக ஒரு பூச்செடி கேட்டு வந்தவரை உட்கார வைத்துக் கம்பளிப்பூச்சியின் பெருமையைப் பேசினால் வேறென்ன பெயர் கிடைக்கும்? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் நேரிலேயே சொன்னார்கள். நாளடைவில் புழு உதிர்ந்துபோய் வெறும் டீச்சர் ஆகிவிட்டாள்.

“இலையில ஓட்டை விழுந்தா சந்தோஷப்படுங்க. யாரோ வந்து சாப்பிட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம்.” இதை அவள் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, ஓட்டை விழாத செடியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

டீச்சருக்கு இந்த ஆண்டு ஒரே ஒரு கவலை. ஊருக்கு வடக்கே, சரக்கு ரயில் நிற்கும் தடத்துக்குப் பின்னால் ஒரு சரிவான தரிசு நிலம் கிடந்தது. உடைந்த பாட்டிலும் துருப்பிடித்த தகரமும் கொட்டிக் கிடந்த அந்த இடத்தில்தான் பால்கொடி படர்ந்திருந்தது. கிள்ளினால் பால் வரும், அதனால் அந்தப் பெயர். ஊரில் மற்ற இடங்களில் களை என்று எப்போதோ அதைப் பிடுங்கித் தீர்த்துவிட்டார்கள். அந்தக் கொடியை நம்பி ஒரு வண்ணத்துப்பூச்சி பிழைத்துக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், இறக்கை ஓரத்தில் கறுப்புக் கரை. கரும்பட்டை என்று அவள் கூப்பிடுவாள். பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. அதன் புழு பால்கொடி இலையைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. பட்டினி கிடந்து சாகுமே தவிர, பக்கத்து இலையைத் திரும்பிப் பார்க்காது.

அந்தச் சரிவில் கிடங்கு கட்டப் போகிறார்கள். கட்டுகிற நிறுவனத்தின் பொறியாளர் ஒருநாள் நூலகத்துக்கே வந்தார். மிரட்டப் போகிறார் என்று டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். அவரோ தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்தார்.

“உங்க பூச்சியைக் கொல்லணும்னு எனக்கு ஆசையில்லைங்க. அது வேற இடத்துக்குக் குடி போயிடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னைக்குத்தான் இயந்திரத்தை இறக்குவேன். ஆனா ரொம்ப நாள் மேலிடத்துக்குச் சாக்கு சொல்ல முடியாது.”

ஆக, ஓர் உயிரினம் இந்த ஊரில் இருப்பதும் இல்லாமல் போவதும் அவள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் இருந்தது. சரிவிலிருந்து பூச்சி பறந்து வரக்கூடிய தெருக்களில் வீட்டுக்கு வீடு வேலியில் பால்கொடி ஏற வேண்டும். கரும்பட்டை அங்கே வந்து முட்டையிட்டுக் குடும்பம் நடத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை.

முந்தைய ஆண்டே பால்கொடியை ஊருக்குள் பரப்ப ஒரு முயற்சி நடந்து மூக்கு உடைபட்டிருந்தது. நூலக வாசலில் மேசை போட்டு, பால்கொடி நாற்றுகளை இனாமாகக் கொடுப்பதாக எழுதி வைத்தாள். நாற்றுகளோ பூச்சி அரித்து, சல்லடையாகி, வெயிலில் காயப்போட்ட கந்தல் மாதிரி நின்றன. ஒருவர் தொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இனாம்னு சொன்னீங்க, எச்சில்னு சொல்லலையே” என்றார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டாள். சிரிக்காதவள் பக்கத்தில் நின்ற அண்ணி ஒருத்திதான்.

அந்த நாற்றுகள் அண்ணி வளர்த்தவை. டீச்சரின் அண்ணன் இறந்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அண்ணன் போன புதிதில் அண்ணி பேச்சையே விட்டுவிட்டாள். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், விளக்கு வைத்த பிறகும் அப்படியே இருப்பாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், சொல்லாவிட்டால் இல்லை. டீச்சர் என்னவெல்லாமோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் கொல்லைப்புறத்தில் நாற்றுக்கொட்டகை ஒன்றைப் போட்டு, “எனக்கு நேரமில்லை அண்ணி, நீங்க கொஞ்சம் தண்ணி ஊத்துங்க” என்று பூவாளியைக் கையில் கொடுத்தாள். அந்தப் பூவாளிதான் அண்ணியை நாற்காலியிலிருந்து எழுப்பியது. பிறகு மண் சலித்தாள், பை நிரப்பினாள், ஒருநாள் தானாகவே பாட்டுகூட முணுமுணுத்தாள். கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டு டீச்சர் அழுதிருக்கிறாள்.

அப்படிப்பட்டவளுடைய செடிகளைத்தான் ஊர் எச்சில் என்றது. வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணி வாயே திறக்கவில்லை. மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விடுவாளோ என்று டீச்சர் பயந்தாள். போகவில்லை. இரண்டொரு நாளில் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, “அடுத்த வருஷம் பாரு பாப்பா, கண் படற மாதிரி வளர்த்துக் காட்டறேன்” என்றாள். டீச்சருக்குக் காதோரம் நரைத்துவிட்டது, அண்ணிக்கு இன்னமும் பாப்பாதான்.

சொன்னபடியே வளர்த்தும் காட்டினாள். இந்த ஆண்டு மேசையில் வரிசை கட்டி நின்ற பால்கொடிகளைப் பார்த்து டீச்சரே அசந்துபோனாள். எண்ணெய் தடவித் துடைத்தது போன்ற இலைகள். ஒன்றில்கூட ஒரு புள்ளி இல்லை, ஒரு கடி இல்லை. போன ஆண்டு சிரித்தவர்கள் இந்த ஆண்டு முண்டியடித்தார்கள். உச்சிவெயிலுக்குள் மேசை காலி. அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஊருக்கெல்லாம் ஓட்டையின் அருமையை ஓதிய டீச்சர், ஓட்டையே இல்லாத செடிகளை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அது எப்படி என்று ஒரு கேள்வி அவளுக்கு எழவில்லை. எழுந்திருக்க வேண்டும். மகிழ்ச்சி சில சமயம் ஆளை இப்படித்தான் முட்டாளாக்கிவிடுகிறது.

மழை நன்றாகப் பெய்தது. கொடிகள் வேலிகளில் ஏறின. கரும்பட்டைகளும் வந்தன. தையல்காரம்மா வீட்டுக் கம்பிவேலியில் முதலில் ஒன்று, பிறகு பல் டாக்டர் வீட்டு வாசலில், பிறகு தெரு முழுக்க. வயிற்றை வளைத்து இலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டையிடும் காட்சியைப் படம் பிடித்து ஆளாளுக்கு அவளுக்கு அனுப்பினார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பொறியாளர் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “குடி வந்தாச்சுங்க. நீங்க வேலையை ஆரம்பிக்கலாம்” என்று சொல்லிவிட்டாள்.

அவள் பார்த்தது தாய்களை மட்டும். பிள்ளைகளைப் பார்க்கவில்லை. கர்ப்பிணிகள் நிறையப் பேர் வந்து போகிறார்கள் என்பதற்காக ஓர் ஆஸ்பத்திரியை நல்ல ஆஸ்பத்திரி என்று யாராவது சொல்வார்களா? அவள் சொன்னாள்.

தையல்காரம்மாதான், பாராட்டுகிற நினைப்பில், அந்தப் பேச்சை எடுத்தாள். ரவிக்கை வாங்கப் போன இடத்தில், வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

“டீச்சர், உங்க அண்ணி கை ராசியான கை. அத்தனை பூச்சி வந்து உக்காந்துட்டுப் போகுது, ஒரு இலை கடிபடணுமே! நேத்து வாங்கின மாதிரியே இருக்கு.”

டீச்சர் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். தலையாட்டி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு முகத்திலேயே காய்ந்து போயிற்று. ரவிக்கையை அங்கேயே வைத்துவிட்டு வேலியருகே போய் ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் முட்டை ஓடுகள், கடுகைவிடச் சின்னவை, பொரிந்து காலியாகக் கிடந்தன. ஓட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுரண்டல், ஊசி முனையால் கீறியது போல. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று. மண் துகள் என்று விரலால் தட்டினாள். மண் இல்லை. அதற்குத் தலை இருந்தது.

அடுத்த இலை. அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அதே ஓடு, அதே ஒரு வாய்க் கடி, அதே கறுப்புத் துகள்.

“என்ன டீச்சர், ஏதாவது நோயா?” தையல்காரம்மா வாசலிலிருந்து கேட்டாள்.

“இல்லைங்க, சும்மா பார்த்தேன்.”

பல் டாக்டர் வீட்டு வேலிக்குப் போனாள். அதற்கடுத்த வீடு, அதற்கும் அடுத்த வீடு. ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவளைப் போல வேலி வேலியாகக் குனிந்து குனிந்து நிமிர்ந்தாள். போகப் போக, இல்லாத மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. கொடித்தண்டில் எறும்பு ஊரவில்லை. கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப்பூச்சி ஒட்டவில்லை. இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை இல்லை. எல்லா வீட்டு வேலியும் பச்சைப்பசேல் என்று, கடைக்குள் வைத்த பிளாஸ்டிக் கொடி மாதிரி, மாசு மருவில்லாமல் பளபளத்தது. தலைக்கு மேல் கரும்பட்டைகள் பறந்துகொண்டிருந்தன. ஒன்று அவள் கண்ணெதிரே வந்து உட்கார்ந்து, வயிற்றை வளைத்து, நிதானமாக ஒரு முட்டையிட்டது. அவள் கையை வீசி அதை விரட்டினாள். அது ஒரு வட்டமடித்துவிட்டுப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த அம்மாள், புழு டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி கொட்டகையில் அடுத்த ஆண்டுக்கு மண் சலித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எருமூட்டை, மணல் மூட்டை. எருமூட்டையின் பின்னால் மூடியிட்ட பச்சை டப்பா ஒன்று, உள்ளே ஒரு கரண்டியோடு. டீச்சர் மூடியைத் திறந்தாள். நீல நிறத்தில் குருணை. ரோஜா வளர்ப்பவர்கள் வேரில் போடுகிற பூச்சிமருந்து. அந்த வாசனையை அவளுக்குத் தெரியும்.

“அண்ணி, இதை எதுல போட்டீங்க?” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள்.

அண்ணி திருட்டுத்தனம் பிடிபட்ட சிறுமியைப் போலச் சிரித்தாள். “கண்டுபிடிச்சிட்டியா? உன்கிட்ட சொன்னா வேணாம்பேன்னுதான் சொல்லலை. பைமண்ணுல ஆளுக்கொரு கரண்டி கலந்தேன். அதுக்காக உடனே முகத்தைத் தூக்கி வச்சுக்காதே. உன் புழுவுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? இலை மேல ஒரு பொட்டுகூடப் படலை. எல்லாம் மண்ணுக்குள்ள. கையுறை போட்டுக்கிட்டு, செடியைத் துணியால மூடிக்கிட்டு, அவ்வளவு பக்குவமா போட்டிருக்கேன். புழு மேலதானே இருக்கு, வேருக்கா போகப் போகுது?”

புழு வேருக்குப் போகாது. ஆனால் வேர் குடித்தது எல்லாம் இலைக்கு வரும். கொழுந்து வரைக்கும் வரும். ஒரு மழையோ இரண்டு மழையோ பெய்தால் போய்விடுகிற மருந்தில்லை அது. இதைச் சொல்ல டீச்சர் வாயைத் திறந்தாள்.

அண்ணியின் நெற்றியில் வேர்வையோடு மண் ஒட்டியிருந்தது. கண்ணில் அந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. ஊரில் இத்தனை வேலியையும் விஷமாக்கியது நீங்கள்தான் என்று இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஜன்னலோர நாற்காலி இன்னும் அங்கேயேதான் கிடந்தது. இனியொரு முறை அதில் போய் உட்கார்ந்தால், எழுப்ப எந்தப் பூவாளியாலும் முடியாது.

“சரி அண்ணி,” என்றாள். “இனிமே போட வேண்டாம். செடிதான் நல்லா வந்துடுச்சே.”

“அப்படிச் சொல்லு!” என்று அண்ணி மறுபடி சலிக்க ஆரம்பித்தாள்.

பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் சரிவைக் காப்பாற்றுவோம் என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பொறியாளருக்குப் போன் போட்டாள். பின்னணியில் ஏதோ உறுமும் சத்தம் கேட்டது. அவர் கத்திப் பேசினார்.

“நீங்க சொன்னதும் மேலிடத்துல உடனே இறக்குன்னுட்டாங்க. காலையிலேயே ஆரம்பிச்சாச்சுங்களே! ஏன், என்ன ஆச்சு?”

அவள் போனை வைத்தாள். ஆட்டோ பிடித்து அங்கே போய் இறங்கியபோது சரிவு என்று ஒன்று இல்லை. செம்மண் தட்டையாகக் கிடந்தது. வழித்தெடுத்த புதர்களையும் கொடிகளையும் ஒரு மூலையில் மலையாகக் குவித்திருந்தார்கள். பொறியாளர் அவள் முகத்தைப் பார்த்தார், உடனே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். இருவரும் குவியலுக்குள் கையை விட்டார்கள். வதங்கிய பால்கொடியை இழுத்து இழுத்துப் பார்த்ததில் பச்சையும் கறுப்புமாகப் புழுக்கள் கிடைத்தன. நசுங்கியவை பல. நசுங்காதவையும் இருந்தன. அவர் தன் அலுவலகக் கொட்டகைக்கு ஓடி, வரைபடச் சுருள்கள் வைத்திருந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்து கொண்டுவந்தார். வெயில் சாயும்வரை பொறுக்கினார்கள். ஊரில் உள்ள கரும்பட்டையின் பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டன.

“இதுங்களைக் கொண்டுபோய் உங்க தெருவுல விட்டுட்டா சரியாயிடும்ல?” என்று கேட்டார் பொறியாளர். நல்ல மனிதர். அவருக்கும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அது தெருவுக்கு வரும், தெருவிலிருந்து அண்ணி காதுக்கு வரும்.

பெட்டியை நடு அறையில் மேசைமேல் வைத்தாள். குவியலில் கிடைத்த கொடிகளில் வாடாத இலைகளாகப் பிரித்துப் போட்டாள். புழுக்கள் தின்ன ஆரம்பித்தன. அறை அமைதியாக இருந்தபோது காகிதத்தைக் கசக்குவது போல மெல்லிய சத்தம் கேட்டது. இந்த இலை மறுநாள் மதியம்வரை வரும், அதற்கு மேல் வராது. ஊர் முழுக்க வேலி வேலியாக இலை. அதில் ஒன்றைக்கூட இந்தப் பெட்டிக்குள் போட முடியாது.

பக்கத்து ஊர் நூலகத்தில் இதே வேலை பார்க்கும் தோழி ஒருத்தி இருந்தாள். பால்கொடி விதையை முதலில் கொடுத்தவளே அவள்தான். அவள் வீட்டு மாடியில் ஒரு பழைய கொடி இருந்தது. டீச்சர் போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். உண்மை தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டும்தான்.

“எங்க கொடி சுத்தமான கொடி, வந்து வேணும்கிறதை வெட்டிக்கோ,” என்றாள் தோழி. பிறகு, “அண்ணிகிட்ட சொல்லிட்டியா?” என்றாள்.

“இல்லை.”

“சொல்லிடுடி. இந்த மாதிரி விஷயத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு இருக்காதே.”

“சொல்றேன், சொல்றேன். இதுங்க முதல்ல பிழைக்கட்டும்.”

காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அண்ணி பெட்டியின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புழு என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவள், இப்போது மேலே விழாத குறை.

“என்னமா திங்குதுங்க! அந்த மனுஷன் சாப்பிடற மாதிரியே தலையை நிமிர்த்தாம.” அண்ணனைச் சொன்னாள். அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசி டீச்சர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. “அது சரி, எதுக்கு நீ ஊர் தாண்டிப் போறே? நம்ம வேலியிலேயே கொட்டிக் கிடக்கே இலை?”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லியிருக்கலாம். அதற்கு ஏற்ற நேரம் அதுதான். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அண்ணியோ சிரித்துக்கொண்டிருந்தாள், வாயில் வந்தது ஒரு பொய்.

“அது முத்தின இலை அண்ணி. இதுங்களுக்கு ஆகாது. நான் இளசா கொண்டு வரேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன், நீங்க எதுவும் பண்ண வேண்டாம்.”

“ஓ, அப்படியா,” என்றாள் அண்ணி.

பஸ் வழியில் நின்றது. டயர் மாற்றினார்கள். தோழி வீட்டு மாடியில் கொடி வெயிலில் காய்ந்து, ஓட்டையும் கிழிசலுமாக, மஞ்சள் அசுவினி அப்பிக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல் நின்றது. அதைப் பார்த்து டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து நல்ல கிளைகளாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பை நிறைய அடைத்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று தோழி சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரம் காயாமல் அடிக்கடி தண்ணீர் தெளித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “என்னங்க இது, கீரையா? பூச்சி அரிச்சதைக் கொடுத்து ஏமாத்திட்டாங்களே” என்று வருத்தப்பட்டார். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். இன்றைக்கு ராத்திரி அண்ணியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சேர்ந்து உட்கார்ந்து சொல்வது. வேலிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, சுத்தமான மண்ணில் மறுபடி நடுவது. விதைக்குத் தோழி இருக்கிறாள், வளர்க்க அண்ணி இருக்கிறாள். முதலில் அழுவாள், பிறகு முந்தானையை வரிந்து கட்டுவாள். முடியாத காரியமில்லை என்று தோன்றியது.

தெருவுக்குள் நுழைந்தபோது விளக்குகள் இன்னும் எரியத் தொடங்கவில்லை. தையல்காரம்மா வாசலில் நின்று கையசைத்தாள். “டீச்சர், எங்க வேலியிலேயும் வந்து பறிச்சுக்கிட்டுப் போனாங்க உங்க அண்ணி. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டேன்!”

டீச்சர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மிச்சத் தூரத்தை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணி கதவைத் திறந்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா வா. சத்தம் போடாதே.” ரகசியக் குரலில், பெருமை தாங்காமல் பேசினாள். “மத்தியானமே இலை தீர்ந்து போச்சு. பாவம், தலையைத் தூக்கித் தூக்கித் தேடுதுங்க, எனக்குப் பொறுக்கலை. நீ சொன்னியே, முத்தினது ஆகாதுன்னு. அதான் கொழுந்தா பார்த்துக் கிள்ளினேன். நம்ம வேலி, தையல்காரம்மா வேலி, டாக்டர் வேலி, எல்லாத்துலேயும் நுனிக்கொழுந்து மட்டும். போட்டவுடனே என்னமா விழுந்து விழுந்து சாப்பிட்டுச்சு தெரியுமா! இப்ப வயிறு நிறைஞ்சு எல்லாம் தூங்குதுங்க.”

பெட்டிக்குள் வெளிர்பச்சைக் கொழுந்துகள் மெத்தை மாதிரி விரித்துக் கிடந்தன. அவற்றின் மேலே புழுக்கள் கிடந்தன. சில சுருண்டு கிடந்தன. சில பின்னங்கால்களால் மட்டும் தண்டைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. அறையில் அந்தக் காகிதச் சத்தம் இல்லை. டீச்சர் ஒன்றை விரலால் தொட்டாள். பிறகு இன்னொன்றை. பெட்டியின் ஓரத்தில் ஒன்று மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து, பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து, நல்ல இலையை அதன் வாயருகே கொண்டுபோனாள். அது வாயிலிருந்து பச்சை நீரைக் கக்கிவிட்டு அடங்கியது.

நேற்று சொல்லியிருந்தால் இவை பிழைத்திருக்கும். காலையில், செருப்பை மாட்டும்போது சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். குருணை போட்டவள் தெரியாமல் போட்டாள். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவள் தான்தான் என்பது அவளுக்கு நன்றாகவே விளங்கியது. அண்ணியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கடைசி இலையையும் அண்ணி கையாலேயே ஊட்ட வைத்துவிட்டாள். இனி சொல்லாமல் இருக்க வழியில்லை. இனி சொன்னால் அது நேற்றுச் சொல்லியிருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு கொடியது.

“ஏன் பாப்பா அப்படிப் பார்க்கறே? கொஞ்சம் ஜாஸ்தியா கொடுத்துட்டேனா?” அண்ணி பெட்டியை எட்டிப் பார்த்தாள். “ஒண்ணும் ஆகாது. பசிச்சா தானா எழுந்துக்கும். அப்ப நீ கொண்டு வந்ததைக் கொடுப்போம்.”

டீச்சர் உள்ளங்கையை மெல்ல மூடிக்கொண்டாள்.

“அண்ணி, இப்படி உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அண்ணி சிரித்த முகம் மாறாமல், கைக்கு எட்டிய ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.